என் ஆபீசில் சகலை

மார்ச் 3, திங்கள்

இன்று வாடகைக்கு எட்டுக் கட்டில், ஐந்து சக்கர நாற்காலி, மூன்று ஆக்சிஜன் மிஷின். பதினாறும் சரியான நோயாளி வீட்டுக்கு, சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு புகார் இல்லை. அதனால் யாரும் என் பக்கம் திரும்பவும் இல்லை. தப்பு நடந்தால்தான் என் மேஜை எங்கே இருக்கிறது என்று ஆபீசுக்கு ஞாபகம் வரும்.

சாயங்காலம் மேலாளர் கூப்பிட்டார். எங்களிடம் ஆர்டர் எடுக்க ஒரு மென்பொருள், கிடங்குக்கு ஒன்று, வண்டிகளுக்கு ஒன்று. மூன்றும் மூன்று காலத்தில் வாங்கியவை, ஒன்றின் முகம் மற்றதுக்குத் தெரியாது. பதினோரு வருடமாக முதலாவதில் பார்த்து இரண்டாவதில் அடித்து, இரண்டாவதில் பார்த்து மூன்றாவதில் அடிப்பவன் நான்.

"மூணையும் இணைக்கப் போறோம். வெளிய ஒரு கம்பெனிகிட்ட கொடுத்தாச்சு. உங்க வேலை லேசாயிடும்" என்றார்.

லேசாகிவிடும். பஞ்சுகூட லேசுதான். ஊதினால் பறக்கும்.

மார்ச் 6, வியாழன்

இணைக்க வரப்போகும் ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. என் சகலை.

மார்ச் 7, வெள்ளி

நேற்று ஒரு வரிக்கு மேல் எழுத முடியவில்லை.

மனைவியிடம் சொன்னேன். "நல்லதாப் போச்சு. தெரியாத ஆள் வர்றதுக்குத் தெரிஞ்ச ஆள் வர்றாரு" என்றாள். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவள் வீட்டுக்கு முதல் மாப்பிள்ளை நான். ஏழு வருடம் ஒரே மாப்பிள்ளை. அந்த ஏழு வருடமும் எனக்கு எந்தக் குறையும் இல்லை. பிறகு, பன்னிரண்டு வருடம் முன்பு, அவள் தங்கைக்குக் கல்யாணம் ஆனது, இவன் வந்தான். மாமியார் வீட்டுக் குழாய் ஒழுகியபோது நான் குழாய்க்காரருக்குப் போன் செய்தேன், அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தானே சரிசெய்தான். முடிந்தது. குழாய்க்காரரைக் கூப்பிட்டது குற்றமா? அன்றிலிருந்து நான் "பெரிய மாப்பிள்ளை", அவன் "கைராசிக்காரர்". அந்த வீட்டில் எது ரிப்பேரானாலும் அவன் வரும்வரை அது காத்திருக்கும். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும்.

இவ்வளவு நாள் அது ஞாயிற்றுக்கிழமைத் தலைவலி. இனி திங்கள் முதல் வெள்ளி வரை.

மார்ச் 10, திங்கள்

வந்தான். எல்லோர் முன்னாலும் "அண்ணா" என்றான். ஆர்டர் எடுக்கும் பெண்மணி, "உங்க தம்பியா சார்? சொல்லவே இல்லையே" என்றார். சகலை என்று நான் சொல்வதற்குள் அவனே, "தம்பி மாதிரிதாங்க" என்று சிரித்தான். ஒரு மணி நேரத்தில் அந்தம்மா தன் மூட்டு வலி வரைக்கும் அவனிடம் சொல்லியாகிவிட்டது.

என் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டான். "நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க அண்ணா. நான் சும்மா பார்த்துட்டு இருக்கேன். என்னை மறந்துடுங்க."

மறப்பதாம். அவன் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டது. காலையில் மட்டும் நான்கு முறை தப்பாக அடித்தேன். நான்கையும் அவன் பார்த்தான், ஒன்றையும் சொல்லவில்லை.

மார்ச் 12, புதன்

பொறாமையா எனக்கு? இல்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை.

அவன் கையெழுத்து அழகாக இருக்கிறது. நாற்பத்து நான்கு வயதில் தொப்பை இல்லை. எங்கள் மூத்த டிரைவர் பதினோரு வருடத்தில் என்னிடம் "சரி சார்", "வந்தாச்சு சார்" தவிர எதுவும் பேசியதில்லை. இன்று டீ குடிக்கும் இடத்தில் அவனிடம் தன் மகளின் படிப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். டிரைவருக்கு மகள் இருக்கிறாள் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

மார்ச் 16, ஞாயிறு

மாமியார் வீட்டில் சாப்பாடு. நினைத்தது நடந்தது.

"பெரிய மாப்பிள்ளை ஆபீசையே நீங்கதான் சரி பண்றீங்களாமே" என்று மாமியார் அவனிடம் கேட்டார்.

"நான் என்னத்தைப் பண்றேன் அத்தை. எல்லாம் அண்ணா தலைக்குள்ள இருக்கு. அவர் சொல்லச் சொல்ல நான் கட்டறேன், அவ்வளவுதான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தண்ணீர் குடித்தேன்.

கொஞ்சம் பீற்றிக்கொண்டிருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். நிம்மதியாக வெறுத்திருப்பேன். பெருமையிலும் பாதியைப் பிட்டு என் இலையில் வைக்கிறான் பாவி. அதை எப்படி விழுங்குவது?

மார்ச் 19, புதன்

இதை எழுதியாக வேண்டும்.

இன்று அவன் என்னை உட்காரவைத்து ஒவ்வொரு வேலையாகக் கேட்டான். எந்தக் கட்டில் எந்தக் கதவுக்குள் நுழையும், எந்த வண்டியில் சாமானை மேலே தூக்கும் பலகை இருக்கிறது, இரண்டாவது மாடி வீட்டுக்கு எத்தனை பேரை அனுப்புவேன், எல்லாம். நானும் சொன்னேன். பிறகு ஆக்சிஜன் மிஷின்களுக்கு வந்தான்.

"வீட்லேருந்து மிஷின் திரும்பி வந்ததும் கிடங்குல 'உள்ளே'ன்னு ஏறிடுது. 'உள்ளே'ன்னு இருந்தா அடுத்த வீட்டுக்கு அனுப்பலாம். சரியா அண்ணா?"

சரியில்லை. திரும்பி வரும் மிஷின் முதலில் மெக்கானிக்கிடம் போக வேண்டும். அவர் பிரித்துப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, சரி என்றால்தான் வெளியே போகும். ஆனால் கிடங்கு மென்பொருளில் அதற்கு இடம் இல்லை. கேட்டுக்குள் நுழைந்ததுமே 'உள்ளே' என்று காட்டும். நான் ஒவ்வொரு முறையும் அனுப்புவதற்கு முன் மெக்கானிக்குக்குப் போன் போட்டு, "அந்த நம்பர் ஆச்சா?" என்று கேட்பேன். ஆச்சு என்றால் அனுப்புவேன். இது எங்கும் எழுதப்படவில்லை. எனக்கும் மெக்கானிக்குக்கும் மட்டும் தெரியும். அந்தப் போனை நான்தான் போடுகிறேன் என்பதால் அவரும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

நான் மேஜையைப் பார்த்தேன். மேஜையில் ஒன்றும் இல்லை.

"சரிதான்" என்றேன்.

"வேற ஏதாவது நான் கேட்காம விட்டிருக்கேனா?"

"இல்ல."

எழுதிக்கொண்டான். அந்த அழகான கையெழுத்தில்.

மார்ச் 20, வியாழன்

இன்றும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 27, வியாழன்

ஒத்திகை. ஆர்டர் எடுக்கும் அந்தம்மா ஓர் ஆர்டரை அடித்தார். நான்கு விநாடி. கிடங்குத் திரையில் கட்டில் தானாக ஒதுங்கியது, வண்டித் திரையில் முகவரி தானாக ஏறியது, கீழே நின்ற டிரைவரின் போன் 'டிங்' என்றது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாவிட்டால் தெரிந்துவிடும் அல்லவா?

நான் செய்தால் ஆறு நிமிடம். அவசரத்தில் நாலரை.

வீட்டுக்கு வந்ததும் வயிறு எரிந்தது. நிஜமாகவே எரிந்தது, மாத்திரை போட்டேன். "வெளிய என்ன சாப்பிட்டீங்க?" என்று மனைவி கேட்டாள்.

ஏப்ரல் 2, புதன்

சொல்ல இன்று நல்ல சந்தர்ப்பம் வந்தது. படியில் இருவரும் தனியாக இறங்கினோம். வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து மேலாளர் எதிரே ஏறி வந்து அவன் தோளில் கைபோட்டார். "இவரை முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாமே சார் நீங்க" என்று என்னிடம் சொன்னார். என் தோளில் அவர் கை பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட விழுந்ததில்லை.

வாயை மூடிக்கொண்டேன்.

ஒருநாள் தடுக்கி விழட்டும். பெரிதாக ஒன்றும் வேண்டாம். எல்லோரும் பார்க்க, சின்னதாக ஒரு தடுக்கல். அப்போது நான் எழுந்து போய், "இது இப்படி இல்லப்பா" என்று சொல்வேன். இவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. எழுதிப் பார்த்தால் எவ்வளவு அற்பமாக இருக்கிறது.

ஏப்ரல் 7, திங்கள்

இணைப்பு இன்று நிஜமாகவே ஓடத் தொடங்கியது. என் போன் நாள் முழுக்க இரண்டு தடவை அடித்தது. ஒன்று, ராங் நம்பர்.

ஏப்ரல் 10, வியாழன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு வண்டிப் பட்டியல் திரையில் வந்தது. மூன்றாவது வரி: ஆக்சிஜன் மிஷின் 41, ஓர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வீட்டுக்கு. 41 செவ்வாய்க்கிழமைதான் திரும்பி வந்தது. அன்றைக்கே மெக்கானிக் என்னிடம் சொல்லியிருந்தார், "இதுல காத்தழுத்தம் குறையுது சார். ஆரம்பத்துல நல்லா ஓடும், அப்புறம் மூச்சு வாங்கும்." பிரித்துப் பார்க்க அவருக்கு இன்னும் நேரம் வரவில்லை. பெட்டியில் வைத்தபடியே கிடங்கு ஆள் அதைத் தூக்கி வண்டியில் ஏற்றிவிட்டார். திரை சொன்னது, ஏற்றினார். அவர் மேல் என்ன தப்பு?

நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டில் அவசரத்துக்கு ஒரு சிலிண்டர் இருக்கும், மிஷின் கத்தினால் அவர்களே மாற்றிக்கொள்வார்கள், போன் செய்வார்கள், ஆபீஸ் பரபரக்கும், சகலை முழிப்பான் — எல்லாவற்றையும் கணக்குப் போட்டேன். பத்தரைக்கு வண்டி கேட்டைத் தாண்டியது. அதையும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

பதினொன்று இருபதுக்கு ஆர்டர் எடுக்கும் அந்தம்மா யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "அந்த வாத்தியார் வீட்ல சிலிண்டரும் காலையிலயே தீர்ந்துருச்சாம். அதான் முதல் வண்டியில போடுன்னு கெஞ்சினாங்க."

எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

அந்த வீட்டுக்குப் போன் போட்டேன். வாத்தியாரின் மனைவி எடுத்தார். "மிஷின்ல மஞ்சள் விளக்கு ஏதாவது எரியுதாம்மா?"

"எரியுதுங்க. இப்பத்தான் அஞ்சு நிமிஷமா. புதுசா வெச்சதால அப்படி இருக்கும்னு நினைச்சேன். அவருக்கு இன்னும் இரைக்குது."

"ஜன்னல் எல்லாத்தையும் திறந்து வைங்க. அவரைச் சாய்ச்சு உட்கார வைங்க. ஆம்புலன்சுக்குச் சொல்லிடறேன். நாங்களும் வந்துட்டே இருக்கோம்."

ஆம்புலன்சுக்குச் சொன்னேன். மெக்கானிக்கை இழுத்துக்கொண்டு, ஒரு சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு வாடகைக் காரில் போனேன். வழி நெடுக மெக்கானிக் ஒன்றுதான் கேட்டார்: "41ஐ எப்படி சார் விட்டீங்க? நீங்க போனே போடலையே?" கார்க்காரர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் வேகமாக ஓட்டினார்.

ஆம்புலன்சுக்கு முன்னால் நாங்கள் போய்விட்டோம். வாத்தியார் தலையணைகளில் சாய்ந்திருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவர் மனைவி செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார், காகிதம் ஓரமெல்லாம் கிழிந்திருந்தது. மெக்கானிக் சிலிண்டரை மாட்டினார். நான் வாத்தியாரின் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது. எத்தனை நிமிடம் என்று தெரியவில்லை, பிறகு நகங்களில் நிறம் வந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து சோதித்துவிட்டு, வீட்டிலேயே இருக்கலாம் என்றார்கள்.

கிளம்பும்போது வாத்தியாரின் மனைவி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நாங்க கூப்பிடறதுக்கு முன்னாடியே நீங்களாக் கூப்பிட்டீங்களே. யார் இப்படிப் பார்த்துப்பாங்க?"

ஒரு மணி நேரத்துக்கு மேல். தெரிந்தே ஒரு மணி நேரத்துக்கு மேல் சும்மா உட்கார்ந்திருந்தேன் அம்மா. அதை நான் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தார், வாங்கிக் குடித்தேன். எப்படித்தான் இறங்கியதோ.

ஏப்ரல் 11, வெள்ளி

கூட்டம். மேலாளர் முகம் கல்லாக இருந்தது. சகலை எழுந்து நின்றான்.

"தப்பு என்னுதுதான் சார். திரும்பி வர்ற மிஷினுக்கு நடுவுல ஒரு சோதனை இருக்குன்னு நான் கண்டுபிடிச்சிருக்கணும். இது மூச்சு விஷயம். ரெண்டு தடவை கேட்டிருக்கணும், ஒரு தடவையோட விட்டுட்டேன்."

"உங்க அண்ணன் மட்டும் கவனிக்கலைன்னா என்ன ஆகியிருக்கும்?" என்றார் மேலாளர். என் பக்கம் திரும்பி, "நன்றி சார்" என்றார். பிறகு என் தோளில் கை வைத்தார்.

இதற்குத்தானே ஆசைப்பட்டேன்? அவன் தடுக்கினான், எல்லோரும் பார்த்தார்கள், கை தோளில் விழுந்தது. கேட்டது கேட்டபடி கிடைத்தது. கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக் கழுவி நின்றேன்.

ஏப்ரல் 12, சனி

அவன் வீட்டுக்குப் போனேன். மச்சினி "வாங்க மாமா" என்று சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். "அவன்கிட்ட கொஞ்சம் தனியாப் பேசணும்மா" என்றேன். மொட்டை மாடிக்குப் போனோம்.

"நீ கேட்ட. நான் தெரிஞ்சேதான் சொல்லல. வியாழக்கிழமை பட்டியல்ல 41 இருக்கறதைப் பத்து மணிக்கே பார்த்துட்டேன். அப்பவும் சொல்லல."

அவன் கொடியில் காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தான், மறுபடி அதே இடத்தில் போட்டான்.

"ரெண்டு நாளா எனக்குச் சாப்பாடு இறங்கலண்ணா. அந்த வீட்டுக்கு ரெண்டு தடவை போய்ட்டு வந்துட்டேன். நான் ஒரு ஆளைக் கொல்லப் பார்த்தேன்னு நினைச்சுட்டு இருந்தேன்." என் பக்கம் திரும்பினான். "நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?"

குழாயைச் சரிசெய்தாய் என்று சொல்ல முடியுமா? பன்னிரண்டு வருடத்துக் கணக்கைத் தேடினால், என் வாயில் வந்தது அது ஒன்றுதான். சொல்லவில்லை.

"ஒண்ணும் பண்ணல" என்றேன்.

"மேலாளர்கிட்ட நான் போய்ச் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க. இப்பக் கிளம்புங்கண்ணா. ப்ளீஸ்."

ஏப்ரல் 15, செவ்வாய்

சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை, நின்றபடியே சொன்னேன்.

மேலாளர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உங்களை இன்னிக்கே அனுப்பிடணும். ஆனா உங்க தலைக்குள்ள இன்னும் என்னென்ன இருக்கோ. அதெல்லாம் வெளிய வர்ற வரைக்கும் அனுப்பவும் பயமா இருக்கு." என் மேஜை போய்விட்டது. எச்சரிக்கைக் கடிதம். மெக்கானிக் அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்து, எங்கும் எழுதாமல் நான் செய்துவந்த எல்லாவற்றையும் எழுதித்தர வேண்டும். வாத்தியார் வீட்டுக்கும் நானே போய்ச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 16, புதன்

வாத்தியார் வீட்டுக்குப் போனேன். வாத்தியாரின் மனைவி கேட்டு முடித்ததும் உள்ளே போய்விட்டார். வாத்தியார் மட்டும் மூக்கில் குழாயோடு என்னையே பார்த்தார். "போய்ட்டு வாங்க" என்றார். திட்டியிருக்கலாம்.

வீட்டில் மனைவியிடமும் சொன்னேன். அவளும் திட்டவில்லை. பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, "ஒரு நாளாவது நான் உங்களை அவரோட வெச்சுப் பேசியிருக்கேனா?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். இல்லை. ஒரு நாள்கூட இல்லை. மாமியார் பேசியதை வீட்டுக்கு எடுத்துவந்து இவள் குரலில் கேட்டுக்கொண்டவன் நான்தான்.

ஏப்ரல் 29, செவ்வாய்

இதுவரை ஐம்பத்தெட்டு விஷயம் எழுதியிருக்கிறேன். எந்தக் கட்டிலின் சக்கரம் ஈரத் தரையில் வழுக்கும், எந்தத் தெருவில் பள்ளி விடும் நேரத்தில் வண்டி நுழையாது. எழுத எழுத வருகிறது. நான் இவ்வளவு தெரிந்தவனா? தெரிந்தும் இவ்வளவு சின்னவனா?

எழுதியதைச் சகலை எடுத்துக்கொண்டு போகிறான். "இது எப்ப நடக்கும்? இதை யார் முடிவு பண்றது?" என்று கேட்கிறான். வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு சொல் இல்லை. "அண்ணா"வும் இல்லை.

மே 13, செவ்வாய்

இனி மெக்கானிக் 'சரி' என்று அழுத்தாமல் ஒரு மிஷினும் பட்டியலில் வராது. இன்று ஓட்டிப் பார்த்தோம். மெக்கானிக் அழுத்தாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திரை மிஷினைக் கொடுக்க மறுத்தது. இரண்டாம் தடவையும் மறுத்தது. யாரும் கை தட்டவில்லை. சகலை மட்டும் என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தான். ஒரு மாதத்தில் முதல் தடவை.

மே 30, வெள்ளி

சகலைக்கு இங்கே வேலை முடிந்தது. ஆர்டர் எடுக்கும் அந்தம்மா அவனுக்குப் பேனா வாங்கிக் கொடுத்தார். நல்ல பேனா. எனக்கு இப்படி ஒன்றை யாரும் தந்ததில்லையே என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியதை எழுதிவைக்கிறேன், இனி எதையும் ஒளிக்கப்போவதில்லை.

ஜூன் 16, திங்கள்

சாயங்காலம் போன். அவன்தான்.

"அண்ணா, நாளைக்கு லீவு போட முடியுமா? இங்க ஒரு இடத்துல மாட்டிட்டு நிக்கறேன்."

எதற்கு என்று நான் கேட்கவே இல்லை. மேலாளரிடம் உள்ளதைச் சொல்லிக் கேட்டேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்துவிட்டு, "போய்ட்டு வாங்க" என்றார்.

ஜூன் 17, செவ்வாய்

மூக்குக்கண்ணாடிக்கு வில்லை அரைத்துக் கடைகளுக்கு அனுப்பும் நிறுவனம். இங்கே இரண்டு மென்பொருள். நடுவில் ஓர் அம்மா, ஐம்பது வயது இருக்கும். இருபது வருடமாக ஒன்றில் பார்த்து மற்றதில் அடிக்கிறார். எதைக் கேட்டாலும் "எல்லாம் திரையிலேயே இருக்கு சார்" என்கிறாராம். ஒரு வாரமாக இவன் தலைகீழாக நின்றும் அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

அவனுக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி போட்டார்கள். எனக்கு ஸ்டூல். ம்.

அவனை வெளியே போய் டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன். ஸ்டூலை இழுத்து அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நோட்டை எடுக்கவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. விசைப்பலகைக்கு அடியில் ஒரு காகிதத்தின் ஓரம் தெரிந்தது, மடித்து மடித்து நைந்த காகிதம். நான் பார்த்துவிட்டதை அவரும் பார்த்தார். மணிக்கட்டை நகர்த்தி மறைத்துக்கொண்டார்.

"நானும் இதே வேலைதாம்மா. பதினோரு வருஷம்" என்றேன்.

அவர் அடித்துக்கொண்டே இருந்தார். ஒரு வரியை முடித்துவிட்டு, "இப்ப?" என்றார்.

சொன்னேன். நாற்காலி விழுந்தது, வாத்தியாரின் நகம், மேஜை போனது, எல்லாம். மறைக்காமல் சொல்ல இருபது நிமிடம் ஆயிற்று. அவர் அடிப்பதை நிறுத்தியிருந்தார். கதவருகே சகலை இரண்டு டீயோடு நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. உள்ளே வராமல் அங்கேயே நின்றான்.

அந்த அம்மா விசைப்பலகையைத் தூக்கினார். காகிதத்தை எடுத்து, மடிப்பு மடிப்பாகப் பிரித்து, எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்து உள்ளங்கையால் நீவினார்.

"இதுல சிவப்புல வட்டம் போட்டதெல்லாம் குழந்தைங்க கண்ணாடி" என்றார். "அதை நான் ரெண்டு தடவை பார்ப்பேன்."